தண்டம் கேட்கும் கை தமிழில் கேட்கட்டும்!

தமிழ்நாட்டுத் தெருவொன்றில் தமிழன் ஒருவன் தன் வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்க. அவனைத் தடுத்துக் கேட்கின்றவர் தமிழர். அவனை அதட்டுகின்றவரும் தமிழர். அவன் பணத்தை வாங்கிக் கருவூலத்தில் சேர்க்கின்றவரும் தமிழரே. ஆனால், அவன் செய்த குற்றம் இன்னது, அதற்குரிய சட்டப்பிரிவு இன்னது, அதனை மறுக்க விரும்பினால் அவன் செல்ல வேண்டிய இடம் இன்னது என்று சொல்ல வேண்டிய தாள் மட்டும் தமிழில் இல்லை! வாயால் திட்டும்போது தமிழ் இனிக்கின்றது. எழுதிக் கொடுக்கும்போது மட்டும் கசக்கின்றது. இந்தக் கொடுமையை ஒரு சிறு செய்தி என்று ஒதுக்கிவிடுவோர் பலர். சிறு செய்தியன்று; ஒரு மக்களினம் தன் நாட்டில் குடிமக்களாக வாழ்கின்றதா, வெறுங் கூலிகளாக வாழ்கின்றதா என்று காட்டும் அளவுகோல் அது.

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ ஒரு காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டுகின்ற உழைப்பாளி ஒருவரை எண்ணிப் பார்க்க. நோயுற்ற தாயைப் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு ஈருருளியில் வேலூருக்கு வருகின்றார். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கால் வைக்க இடமில்லை. வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகளும் உறவினரும் ஆண்டு முழுவதும் வந்து தங்கும் நகர் அது. கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டி நிறுத்தவிடும் ஒரு தெருவோரத்தில் நிறுத்துகின்றார். கேட்ட தொகையைக் கொடுக்கின்றார். ஒரு துண்டுச் சீட்டைப் பெற்றுச் சட்டைப்பையில் வைக்கின்றார். மருத்துவர் அழைக்கும் நேரம் நோயாளியின் கையில் இல்லை. இரண்டு மணி நேரம் என்று நினைத்தது ஐந்து மணி நேரமாகின்றது. திரும்பி வந்து தாயை வீட்டில் சேர்க்கின்றார். சில நாள் கழித்துக் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகின்றது. முழுவதும் ஆங்கிலம். அதில் அவருக்கு விளங்குகின்றவை இரண்டே: ஒன்று தம் வண்டியின் எண், மற்றொன்று 500 என்னும் தொகை.

எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நடந்த குற்றம்? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? கட்டணம் செலுத்திய சீட்டு கையில் இருக்கத் தண்டம் எதற்கு? இதனை மறுத்துச் சொல்ல வழியுண்டா? உண்டெனில் யாரிடம், எத்தனை நாளுக்குள்? இவற்றுள் ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஒரு கணினிக் கடைக்குச் சென்று, கடைக்காரருக்குத் தனிக் கூலி கொடுத்து, 500 உரூபாவைச் செலுத்திவிட்டு வேலைக்குப் போகின்றார். அரசின் ஏட்டிலோ அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு இணங்கித் தண்டம் செலுத்தினார் என்று பதிவாகின்றது. விளங்காமையால் விளைந்த ஊமைத்தனம் ஒப்புதலாக எழுதிக்கொள்ளப்படுகின்றது. இவ்வுழைப்பாளி ஒருவர் அல்லர். பாலாற்றங்கரையில் இவரைப் போன்றோர் ஊருக்கு ஊர் உள்ளனர்.

கட்டணம் வேறு, தண்டம் வேறு

இங்கே மக்கள் முதற்கண் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தெருவில் வண்டி நிறுத்துவதற்கு வாங்கும் கட்டணம், இடத்தைப் பயன்படுத்துவதற்குரிய விலை. அதனை வரையறுப்பது நகராட்சி அல்லது மாநகராட்சி மன்றத்தின் தீர்மானம். பெரும்பாலும் அதனைத் திரட்டும் வேலை குத்தகைக்கு விடப்படுகின்றது. தண்டம் என்பதோ குற்றத்திற்குரிய ஒறுப்பு. அது மோட்டார் வாகனச் சட்டம் என்று வழங்கும் 1988-ஆம் ஆண்டின் இயக்கூர்திச் சட்டத்திலிருந்து வருகின்றது. அச்சட்டத்தின் 122-ஆம் பிரிவு, பிறர்க்கு இடரோ தடையோ மிகுந்த தொல்லையோ விளையும் வகையில் பொது இடத்தில் ஊர்தியை விட்டுச் செல்லுதலைத் தடுக்கின்றது. 177-ஆம் பிரிவு, வேறு தனித் தண்டனை குறிக்கப்படாத குற்றங்களுக்குப் பொதுத் தண்டம் வரையறுக்கின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதன்முறைக்கு 500 உரூபா வரையிலும் மறுமுறைக்கு 1,500 உரூபா வரையிலும் அது உயர்ந்துள்ளது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு அரசாணையின் வழி இவ்வுயர்ந்த தொகைகள் நடைமுறைக்கு வந்தன.

இவ்வேறுபாட்டிலிருந்து இரண்டு உண்மைகள் பிறக்கின்றன. முதலாவது, கட்டணம் திரட்டும் குத்தகையாளரின் ஆளுக்கு இச்சட்டப்படி தண்டம் போடும் உரிமை இல்லை. அரசு குறித்த அலுவலருக்கே அவ்வுரிமை உண்டு. வரையறுத்த கட்டணத்திற்கு மேல் ஒரு காசு கேட்டாலும் குத்தகையாளரின் ஆள் தீர்மானத்தையும் சீட்டையும் காட்டக் கடமைப்பட்டவர். இரண்டாவது, அலுவலர் அந்த இடத்திலேயே வாங்கும் தண்டம் உண்மையில் தீர்ப்பன்று. அச்சட்டத்தின் 200-ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பெற்றவர் இணங்கினால் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வழக்கை முடித்துவிடும் அதிகாரத்தையே அலுவலர்க்குத் தருகின்றது. இணங்காதவர், ‘நான் குற்றம் செய்யவில்லை’ என்று சொல்லிக் குற்றவியல் நடுவரின் முன் வழக்கை எதிர்கொள்ளலாம். அங்கே குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது.

ஆக, சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றது. கையில் செல்லுபடியாகும் சீட்டு இருந்தது. நிறுத்தத் தடை என்று காட்டும் பலகையே அவ்விடத்தில் இல்லை. பலகை மரக்கிளையால் மறைந்திருந்தது. படத்தில் இருப்பது வேறொருவர் வண்டி. வண்டி முன்னரே விற்கப்பட்டுவிட்டது. உயிருக்குப் போராடும் நோயாளியை இறக்கிவிட நின்ற சில நொடிகள் அவை—இவ்வாறு சொல்லத்தக்க விடைகள் எத்தனையோ உள்ளன. ஆனால், கேள்வி விளங்கினாலன்றோ விடை சொல்ல முடியும்! திறந்திருக்கும் கதவின்மேல் படிக்க முடியாத எழுத்தைத் தொங்கவிட்டுவிட்டால் அது சுவராகிவிடுகின்றது.

‘தண்டம்’ என்னும் சொல்லையே எண்ணிப் பார்க்கலாம். தண்டுதல் என்பது திரட்டுதல். வரி தண்டுதல் என்பது பழைய வழக்கு. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்து உழைக்கும் மக்களிடையே ‘தண்டல்’ என்றால் நாள்தோறும் வந்து வாசலில் நின்று திரட்டும் கடன் தவணை. தண்டல்காரன் ஏன் எதற்கு என்று விளக்குவதில்லை. நாள் வந்தால் கை நீட்டுவான். குற்றம் இன்னதென்று விளங்கும்படி சொல்லி வாங்குவது தண்டனை. சொல்லாமல் வாங்குவது தண்டல். திருவள்ளுவர் கொடுங்கோன்மையைச் சொல்லுமிடத்தில், முறையின்றிக் குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனை வழிப்பறிக் கள்வனோடு ஒப்பிட்டுக் காட்டினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தோன்றிய அவ்வறம், கைபேசியில் வரும் 500 உரூபாச் செய்திக்கும் பொருந்தாமற் போகுமா?

சட்டம் தமிழுக்கு இருக்கின்றது, செயல்தான் இல்லை

தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்று சட்டம் இயற்றப்பெற்ற ஆண்டு 1956. எழுபது ஆண்டுக் காலம் ஓடிவிட்டது. மாவட்ட அளவிலும் அதற்குக் கீழும் உள்ள முறைமன்றங்களில் தமிழே வழங்க வேண்டும் என்று அச்சட்டம் 1976-இல் திருத்தப்பெற்றது. இந்திய அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு, குறை தீர்க்க வேண்டி நடுவணரசின் அல்லது மாநில அரசின் எந்த அலுவலருக்கும் அங்கு வழங்கும் எந்த மொழியிலும் முறையீடு கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகின்றது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவும், விண்ணப்பத்தை அவ்விடத்து ஆட்சிமொழியில் எழுதலாம் என்று தெளிவாகச் சொல்கின்றது.

இத்தனைச் சட்டங்கள் இருந்தும், தண்டச்சீட்டு மட்டும் ஏன் ஆங்கிலத்தில் வருகின்றது? விடை எளிது. அது ஊரில் அச்சாகவில்லை. நடுவணரசின் போக்குவரத்து அமைச்சகத்திற்காக ஆக்கப்பெற்ற மின்னணு அமைப்பிலிருந்து அது வருகின்றது. அதன் பெயரே ‘சலான்’ என்னும் வடக்கத்திச் சொல். குற்றவியல் நடைமுறையை வரையறுக்கும் சட்டத்தின் பெயரையும் 2024 முதல் ‘பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா’ என்று ஆக்கிவிட்டனர். சட்டத்தின் பெயர் வடமொழி. சீட்டின் பெயர் இந்தி. சீட்டின் உள்ளே ஆங்கிலம். செலுத்த வேண்டிய பணம் மட்டும் தமிழனுடையது!

கணினிக்குத் தமிழ் வராது என்று எவரேனும் சொன்னால் அது பொய். உலகப் பொது எழுத்துக் குறியீடாகிய ஒருங்குகுறியின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழுக்கெனத் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை அமைப்பை 1999-இல் தமிழ்நாட்டரசே ஏற்றது. தமிழ்நாட்டின் மின்னணுக் குடும்ப அட்டை தமிழில் இருக்கின்றது. அரிசி கொடுக்கத் தமிழ் தெரிந்த கணினிக்குத் தண்டம் வாங்கத் தமிழ் தெரியாமற் போனது எப்படி? இல்லாதது கருவியன்று, மனம்.

‘வேலூருக்கு வடநாட்டார் பலர் வருகின்றனர், அனைவர்க்கும் பொதுவாக ஆங்கிலம் இருந்தால் என்ன?’ என்று வேறு சிலர் கேட்பர். அவர்கள் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். விடுதிகளிலும் உணவுக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் வங்க எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. கடைக்காரர் எவரும் அரசாணைக்குக் காத்திருக்கவில்லை. வாங்குகின்றவன் மொழியில் பேசினால்தான் அவன் நம்புவான் என்பது விற்கின்றவனுக்குத் தெரியும். வங்காளத்து நோயாளிக்கு வங்கத்தில் பலகை வைக்க வேலூர்த் தெருவால் முடிகின்றது. வேலூரான் கையில் தமிழ்த்தாள் கொடுக்க அரசால் முடியவில்லை! வருகின்றவர்க்கு அவர்தம் மொழியையும் சேர்த்து அச்சிடுவதை எந்தத் தமிழனும் தடுக்கப் போவதில்லை. நோயோடு வந்தவரைத் தாங்குதல் தமிழர் பண்பு. ஆனால், இருக்கின்றவனின் மொழியை முதலில் வைக்க வேண்டும்.

வேல்சு நாட்டார் கற்பித்த பாடம்

சிறு தாளொன்றுக்காகப் பெரும்போர் நடத்திய மக்கள் உலகில் இருக்கின்றனர். ஆங்கிலேயரின் காலடியிலேயே, அவர்தம் தீவிலேயே, வேல்சு என்னும் சிறுநாடு உள்ளது. அங்கே இலாங்கென்னக்கு என்னும் ஊரில் திரெவோர் பீசுலி என்னும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியும் அவர் துணைவியார் எயிலீன் பீசுலியும் வாழ்ந்தனர். 1952-இல் அவர்களுக்கு வந்த உள்ளாட்சி வரி அறிவிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. வேல்சு மொழியில் எழுதிக் கேட்டால் உடனே செலுத்துகின்றோம் என்றனர். அவர்கள் கேட்டது வரிவிலக்கன்று. தாய்மொழியில் ஒரு தாள். பன்முறை முறைமன்றத்திற்கு இழுக்கப்பெற்றனர். வீட்டிலிருந்த இருக்கைகளையும் பொருள்களையும் அமீனாக்கள் தூக்கிச் சென்றனர். எட்டாண்டுகள் அவர்கள் வளையவில்லை. 1960-இல் இருமொழியில் அச்சிட்ட வரித்தாள் அவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

அந்த இருவரின் உறுதியைத்தான் சாண்டர்சு இலூயிசு என்னும் எழுத்தாளர் 1962-இல் தம் வானொலிப் பொழிவில் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டிலேயே வேல்சு மொழிக்கழகம் தோன்றியது. அந்நாட்களில் அபரிசுத்துவித்து நகரில், மிதிவண்டியில் மற்றொருவரை ஏற்றிச் சென்றதற்காகப் பிடிபட்ட இளைஞர் ஒருவர், ஆங்கிலத்தில் மட்டும் இருந்த அழைப்பாணையை ஏற்க மறுத்துச் சிறையில் ஓர் இரவைக் கழித்தார். 1963 பிப்பிரவரி 2 அன்று அந்நகரின் திரவெக்கன் பாலத்தில் இளைஞர்கள் அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர். ஒரு மிதிவண்டித் தண்டத்திலிருந்து ஒரு மொழியியக்கம் தெருவுக்கு வந்தது! 1967-இலும் 1993-இலும் மொழிச் சட்டங்கள் வந்தன. 2011-இல் வேல்சு மொழிக்கு ஆட்சிமொழி நிலை கிட்டியது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2020-இல் இலாங்கிரானோகு என்னும் கடற்கரையூரில் ஊர்தி நிறுத்தியதற்காக ஒரு தனியார் நிறுவனம் ஆங்கிலத்தில் மட்டும் தண்ட அறிவிக்கை அனுப்பியது. மொழிக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆர்வலர் அதனைச் செலுத்த மறுத்தார். வேல்சு மொழியில் கேட்டால் கொடுப்பேன் என்பதே அவர் சொன்ன விடை. சில பத்துப் பவுண்டுத் தொகைக்காக அவரை அந்நிறுவனம் மீண்டும் மீண்டும் முறைமன்றத்திற்கு இழுத்தது. அவ்வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. சட்டம் வந்த பின்னும் ஏன் இந்நிலை? 2011-ஆம் ஆண்டுச் சட்டம் முதன்மையாக அரசு அமைப்புகளையே கட்டுப்படுத்தியது. தனியார் நிறுவனம் அதன் இடுக்கில் நழுவியது.

தமிழர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் அரசு அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால், தெருவோர நிறுத்தம் குத்தகையாளரிடம் போகின்றது. அவரிடமிருந்து கருவியமைக்கும் நிறுவனத்திடமும் செயலி எழுதும் நிறுவனத்திடமும் போகின்றது. கைமாறக் கைமாறத் தமிழ் கழன்று விழுகின்றது. கேட்டால் மாநகராட்சி குத்தகையாளரைக் காட்டும். குத்தகையாளர் நிறுவனத்தைக் காட்டுவார். நிறுவனம் மென்பொருளைக் காட்டும். எனவே, ஒப்பந்தப்புள்ளி கேட்கும் அறிவிப்பிலேயே, ‘பலகை, சீட்டு, செயலி, அறிவிக்கை, முறையீட்டுப் படிவம் அனைத்தும் தமிழில் இருத்தல் வேண்டும், இல்லையேல் குத்தகை நீங்கும்’ என்னும் கட்டளை எழுதப்பெறல் வேண்டும். இதற்குப் புதுச்சட்டம் வேண்டா. மன்றத்தில் ஒரு தீர்மானம் போதும்.

தெளிவாக எழுதிவைத்தல் எத்துணைத் தலையாயது என்பதை இங்கிலாந்தின் வழக்கொன்றும் காட்டும். செம்சுபோர்டு நகரில் பாரி பீவிசு என்னும் சிற்றுணவுக் கடைக்காரர், இரண்டு மணி நேரம் கட்டணமின்றி நிறுத்தத் தக்க இடத்தில் 56 நிமையம் கூடுதலாகத் தம் ஊர்தியை நிறுத்திவிட்டார். 85 பவுண்டுத் தண்டத்தை எதிர்த்து நாட்டின் உச்ச முறைமன்றம் வரை சென்றார். 2015 நவம்பரில் தோற்றார். ஆனால், அவர் தோற்றதற்கு ஓர் ஏது உண்டு. அவ்விடமெங்கும் ஏறத்தாழ 20 அறிவிப்புகள் பெரிய எழுத்தில், எவர்க்கும் விளங்கும்படி வைக்கப்பெற்றிருந்தன. படித்தறிந்தே நிறுத்தினார் என்பதற்கு அவை சான்றாயின. கடைக்காரர் தோற்ற வழக்கிலும் ஒரு பொதுவறம் வென்றது: தண்டம் கேட்பவன் முன்னரே விளங்கச் சொல்லியிருக்க வேண்டும். தமிழனுக்கு விளங்கச் சொல்லுதல் என்பது தமிழில் சொல்லுதலேயாகும்.

தமிழ்நாட்டில் ஆட்சிமொழிச் சட்டம் வந்த அதே 1956-இல்தான் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று ஆக்கினர். தமக்கு விளங்காத மொழியில் வந்த அரசுத் தாள்களின் முன் ஈழத்தமிழர் அயலாராக்கப்பட்டனர். தமிழும் ஆட்சிமொழி என்று 1987-இல் அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தம் சொல்லும் முன் எத்துணைக் குருதி சிந்தியது! அங்கே பகைவர் தமிழை நீக்கினர். இங்கே தமிழரே தமிழை விட்டுவிட்டனர். பகைவர் பறித்ததற்குப் போராடினாரைப் போற்றுவோர், தாமே நழுவவிட்டதற்கு நாணவும் வேண்டும்.

பெரியவன் வழக்காடுகின்றான்; எளியவன் கட்டிவிடுகின்றான்

இத்தோல் மண்டிலத்தின் கதையிலேயே ஓர் ஒப்புமை உண்டு. தோல் பதனிடு சாலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பயிருக்குத் தகாததாயிற்று என்று கணக்கெடுப்பொன்று சொன்னது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச முறைமன்றம் 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. வடஆர்க்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடு சாலை ஒவ்வொன்றுக்கும் போட்ட மாசுத்தண்டம் 10,000 உரூபா. இழப்பீட்டைக் கணிக்கத் தனி ஆணையமும் அமைக்கச் சொன்னது. அவ்விழப்பீடு பின்னர்க் கோடிக்கணக்கில் கணிக்கப்பெற்றது என்பதும் உண்மை. ஆயினும், பாலாற்று மாசு பற்றிய வழக்கில் உச்ச முறைமன்றம் 2025 சனவரியிலும் மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

ஆற்றையும் நிலத்தையும் கெடுத்ததற்கு ஒரு சாலையின் மாசுத்தண்டம் 10,000. தெருவோரத்தில் ஈருருளியை நிறுத்தியதற்கு ஓர் உழைப்பாளியின் தண்டம் முதன்முறை 500, மறுமுறை 1,500. பொருளுள்ளவனுக்கு வழக்குரைஞர் உண்டு, தில்லி உண்டு, ஆங்கிலம் உண்டு. ஆண்டுக்கணக்கில் அவன் வழக்காட முடிகின்றது. அவன் ஆலையில் உழைப்பவனுக்கோ, ‘இது என் குற்றமன்று’ என்று ஒரு வரி எழுதத் தகுந்த படிவமும் இல்லை. மொழிச்சிக்கல் என்பது புலவர் சிக்கல் என்று நினைப்போர் இதனை எண்ண வேண்டும். மொழி உரிமையை இழந்தவன் முதலில் இழப்பது இலக்கியத்தையன்று, தன் நாட்கூலியை.

ஆணையை எதிர்த்துக் கேட்டல் இம்மண்ணுக்குப் புதிதுமன்று. 1806-இல் வேலூர்க் கோட்டையில், தோற்குச்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணியச் சொல்லி வெள்ளையர் ஆணையிட்டனர். அணிய மறுத்துக் கேட்ட வீரர்களுக்குக் கசையடி கிடைத்தது. சூலை 10 அன்று கோட்டைக்குள் கிளர்ச்சி வெடித்தது. கேட்பவனுக்கு விளக்கம் சொல்லாத ஆட்சி தன் காலையே தான் வெட்டிக்கொள்கின்றது என்பதை அக்கோட்டைச் சுவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

தமிழர்தம் குறையும் உண்டு

ஆட்சியாளரை மட்டும் குறை கூறி அமைதல் நேர்மையாகாது. மருத்துவமனை வாசலில் நோயாளர் ஊர்திக்கு வழிவிடாமல் வண்டியை நிறுத்துகின்றவனும் தமிழனே. நடைபாதையின்மேல் ஏற்றி நிறுத்தி, முதியோரையும் கண்ணற்றோரையும் சாலைக்கு இறக்குகின்றவனும் தமிழனே. மொழிப்பற்று வழிமறிக்கும் உரிமையாகாது. தடைக்குறி படமாக நிற்குமிடத்தில், ‘எனக்குத் தமிழில் சொல்லவில்லை’ என்பது வெறும் ஏய்ப்பு. குற்றம் செய்தவன் தண்டம் செலுத்தட்டும், தயங்காமல் செலுத்தட்டும். அவன் கேட்க வேண்டியது விலக்கன்று, விளக்கம்.

இன்னொரு குறை இதனினும் பெரிது. 500 உரூபாத் தண்டத்திற்குச் சீட்டு கேட்காமல், அதனிற் குறைந்த தொகையைக் கையில் திணித்து நழுவுகின்றவர் எத்தனை பேர்! அவ்வாறு நழுவுகின்றவன், தன் மொழியையும் தன் உரிமையையும் அந்தக் கையூட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுகின்றான். சீட்டில்லாத பணத்திற்கு எம்மொழியும் இல்லை. தமிழில் சீட்டு கேட்க வேண்டுமானால் முதலில் சீட்டு கேட்க வேண்டும். படித்த தமிழரோ, ஆங்கிலத் தாள் தமக்கு விளங்குவதனாலேயே பேசாமல் இருக்கின்றனர். பக்கத்து வீட்டு உழைப்பாளி தம்மிடம் அத்தாளை நீட்டிப் பொருள் கேட்கும்போதுகூட, ‘கட்டிவிட்டுப் போ’ என்கின்றனர். அறிந்தவன் வாய்மூடியிருப்பதே அறியாதவனுக்கு வரும் முதல் தண்டம்.

செய்ய வேண்டுவன

தமிழ்ப்பற்றாளர் ஒவ்வொருவரும் தம் ஊரில் தொடங்கத்தக்க வேலை இது. தெருவோரக் கட்டணச் சீட்டு கைக்கு வந்தவுடன் அது எம்மொழியில் உள்ளது, நேரமும் தொகையும் குறிக்கப்பெற்றுள்ளனவா என்று பார்க்க வேண்டும். கட்டணப் பலகையையும் நிறுத்திய இடத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்தல் வேண்டும். ஐயம் தோன்றினால், மன்றத் தீர்மானம், குத்தகை நெறிகள், வரையறுத்த கட்டணம், தெருக்களின் பட்டியல் ஆகியவற்றின் படிகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படித் தமிழில் எழுதிக் கேட்கலாம். தண்டச் செய்தி வந்தால், குற்றம் உண்மையாயின் செலுத்திவிட்டு, ‘இனி இத்தாள் தமிழில் வருதல் வேண்டும்’ என்று ஓர் அஞ்சல் எழுத வேண்டும். குற்றம் உண்மையன்று என்றால், செலுத்தாமல், சீட்டின் படியையும் படத்தையும் இணைத்துக் காவல்துறைக்குத் தமிழில் மறுப்பெழுதி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்க வேண்டும். வழக்கு நடுவரிடம் சென்றால் அஞ்சாமல் நேரில் நின்று தமிழில் விடை சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தவர் எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுப்பதைத் தொண்டாகக் கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, ஒரு தேநீர்க் கடை மேசை, ஒரு தூவல்—இவை போதும்.

ஒருவர் எழுதினால் அலுவலர் குப்பைக் கூடையில் எறிவார். பத்துப் பேர் எழுதினால் கோப்பு திறப்பார். நூறு பேர் எழுதினால் தமிழ்ப் படிவம் அச்சாகும். ஆட்சிமொழிச் சட்டத்தை ஆட்சியாளர் இயற்றினர். அதனை நடைமுறைப்படுத்த வேண்டியவர் கேட்கின்ற மக்களே. கேட்காத உரிமை ஏட்டுச் சுரைக்காய்.

வேல்சு நாட்டின் சுரங்கத் தொழிலாளி ஒருவர் எட்டாண்டுகள் தம் வீட்டுப் பொருள்களை இழந்து ஒரு தாளைத் தம் மொழிக்கு மாற்றினார். அவர் மொழியைப் பேசுவோர் சில இலக்கம் பேரே. தமிழ் பேசுவோரோ பல கோடியர்! வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலோடு தோலாய்த் தேய்கின்ற உழைப்பாளி, தன் உழைப்பின் பயனிலிருந்து 500 உரூபாவை எடுத்துக் கொடுக்கும்போது, அது ஏன் என்று தன் தாய் பேசிய மொழியில் படித்துவிட்டுக் கொடுக்கட்டும். படித்துப் பார்த்துத் ‘தவறு என்னுடையது’ என்றால் தலைகுனிந்து கொடுப்பான். ‘தவறு உன்னுடையது’ என்றால் தலைநிமிர்ந்து கேட்பான். அந்தத் தலைநிமிர்வுக்கு அஞ்சித்தான் தமிழ்த்தாள் மறுக்கப்படுகின்றதெனில், அதனைப் பெறாமல் ஓய்வது தமிழர்க்கு இழுக்கு.

தண்டம் கேட்கும் கை தமிழில் கேட்கட்டும்! கேட்கும் வரை தமிழன் எழுதட்டும்!